பீரிசுக்கு அடியில் ஐந்து சதம்

கண்டி கொழும்பு வீதியில் எங்கள் காலத்தில் பொலிஸ்காரர் வந்தாலும் வரிக்காரர் வந்தாலும் கடைக்காரர்கள் பேச்சை நிறுத்தமாட்டார்கள். ஒரே ஒரு மனிதர் குடையை ஊன்றிக்கொண்டு நடந்து வரும்போதுதான் வீதியின் இரண்டு பக்கமும் வாய் மூடும். அவரை நாங்கள் வங்குரோத்து மாஸ்டர் என்போம். முகத்துக்கு நேரே வெறும் மாஸ்டர். முன்பாதியை அவர் முதுகைப் பார்த்துத்தான் சேர்ப்போம்.

அவர் வங்குரோத்துப் போனவர் இல்லை. வங்குரோத்துச் சட்டத்தைப் படித்தவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய், கடனில் மூழ்கிய வியாபாரியின் சொத்தைக் கடன் கொடுத்தவர்களுக்குள் எப்படிப் பங்கிடுவது என்று வருஷக்கணக்காக ஆராய்ந்து பட்டம் வாங்கி வந்தவர். கோர்ட்டில் ஏறி ஒரு வழக்கும் பேசியதில்லை. எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் பிறந்தது. காணிச் சட்டம் படித்தவன் கடைசியில் நாலு காணி சேர்ப்பான், அது விளங்குகிறது. கடைகள் விழுவதைப் படித்த ஒருவன் கடைகள் நிறைந்த ஊருக்கு எதைத் தேடி வருவான்?

வந்தவர் வேறு எங்காவது தங்கியிருக்கலாம். என் கடைக்கு மேல்மாடி அறையையே கேட்டார். அக்குறணையிலிருந்து என் வாப்பா வந்து போட்ட சின்னத் துணிக்கடை அது. வாப்பா மௌத்தான பிறகு நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடகையை மாதம் பிறந்த அன்று காலையிலேயே கொண்டுவந்து கையில் வைப்பார். அவ்வளவு ஒழுங்காகத் தருகிறவரை எந்த வியாபாரியும் நம்பமாட்டான். நானும் நம்பவில்லை.

சனிக்கிழமைகளில் வார்ட் வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் வர்த்தகச் சட்ட வகுப்பு நடத்துவார். பாங்குக் கிளாக்கர்மார், புரொக்டர் வக்கீல்மாரின் உதவியாளர்கள், எங்களைப் போல நாலைந்து கடைக்காரர்கள் என்று ஒரு கூட்டம் வரும். பாடம் இங்கிலீஷில் நடக்கும். முடிவில் எங்களுக்காகத் தமிழில் ஒரு தரம் சொல்வார். புதன்கிழமை விடியற்காலை ரயிலேறிக் கொழும்புக்குப் போவார். அங்கே ஒரு கல்லூரியில் பகுதிநேர விரிவுரையாளர். நிரந்தர இடம் ஒன்று காலியாகும், அது தனக்குத்தான் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தார். கப்பல் தபால் வருகிற நாளில் வீதி முனை வரை நடந்துபோய்த் தபால்காரனை எதிர்கொள்வார். அவர் எழுதிய கட்டுரை ஒன்று இங்கிலாந்துச் சட்டப் பத்திரிகையில் அச்சாகி வந்தபோது எனக்கும் ஒரு பிரதி தந்தார். எனக்கு அதில் விளங்கியது பக்க எண் மட்டும்தான்.

ஆனால் அவர் வகுப்பில் சொன்ன ஒரு விஷயம் விளங்கியது. விளங்கியதோடு நில்லாமல் பயமுறுத்தவும் செய்தது.

"மூழ்கப் போறன் எண்டு தெரிஞ்ச வியாபாரி கடைசி நாளிலை என்ன செய்வான், சொல்லுங்கோ பாப்பம்" என்று ஒரு நாள் கேட்டார்.

"ஓடிருவான்" என்றார் இரும்புக்கடைக்காரர்.

"ஓடமாட்டான். குடுப்பான். மச்சானுக்குக் குடுப்பான், சிநேகிதனுக்குக் குடுப்பான், மகளுக்குச் சீதனம் குடுப்பான். இருக்கிறதை எல்லாருக்கும் சமனாப் பிரிக்கவேண்டிய நேரத்திலை தனக்குப் பிரியமானவனுக்கு முதல்லை குடுப்பான். சட்டம் அதைத் திருப்பிக் கேக்கும். வாங்கினவன், இவன் மூழ்கிறான் எண்டு தெரிஞ்சு வாங்கியிருந்தா, வச்சிருக்க ஏலாது. எல்லாரும் பங்கு போடுற பானையிலை திருப்பிப் போடவேணும்."

அதுதான் அவருடைய ஆராய்ச்சி முழுவதும். மூழ்குகிறவனின் கொடை. அதற்குக் கால எல்லை எவ்வளவு, தெரிந்து வாங்கியவன் யார், தெரியாமல் வாங்கியவன் யார் என்று ஒரு தடித்த புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் ஒருவர் கொடுப்பதைப் பார்த்தாலே அவருக்கு நெற்றி சுருங்கும். நாங்கள் பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்பினால் அடுத்த நாள் அதே தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்து நிற்கும். என் மனைவி கோபித்துக்கொள்வாள்.

"ஒங்கட மாஸ்டருக்கு நாங்க என்ன லஞ்சமா குடுக்கிறோம்?" என்பாள்.

பின்னேரங்களில் வாவியைச் சுற்றி ஒரு நடை போய்விட்டுக் கடைகளைப் பார்த்துக்கொண்டு வருவார். கடைக்குள் இருக்கும் சாமானைப் பார்ப்பதில்லை. கடைக்காரரைத்தான் பார்ப்பார். ஒரு தரம் நான் கூடவே நடந்தபோது ஒரு பாத்திரக் கடையைக் காட்டினார்.

"போன மாசம் வரைக்கும் அந்தாள் கணக்கப்பிள்ளையை ஏசிறது ரோட்டுக்குக் கேக்கும். இப்ப 'வாங்கோ, இருங்கோ' எண்டு பேசுறார். பலகையும் புதுசாப் பெயின்ற் பண்ணியிருக்கு. தேத்தண்ணியும் நல்லா இருக்கு, பாலும் கூட."

"அதில என்ன பிழை மாஸ்டர்?"

"ஒரு பிழையும் இல்லை" என்றார். குடையை ஊன்றிக்கொண்டு அடுத்த கடையைப் பார்க்கப் போனார்.

எனக்கு அன்றே நிச்சயமாகிவிட்டது. இவர் புறக்கோட்டை மொத்த வியாபாரிகளின் ஒற்றன். கொழும்பிலிருந்து எங்களுக்குத் துணியும் இரும்பும் கடனுக்கு அனுப்புகிறவர்களுக்கு, எந்தக் கடை ஆடுகிறது என்று புதன்கிழமை தோறும் போய்ச் சொல்கிறார். விரிவுரையாவது, கல்லூரியாவது! எதிர்த்த கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் தன் பங்குக்கு இன்னும் இரண்டு பேரிடம் சொன்னார்.

ஒற்றன் கதையைவிட மோசமான ஒன்றைக் கண்டுபிடித்தவர் தேத்தண்ணிக் கடை நானா. வீதியின் கடைகளுக்கெல்லாம் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, வெறுங் கோப்பைகளைத் திரும்ப எடுத்து வருகிறவர் அவர். ஒரு நாள் என் கடைக்கு வந்து முறைப்பாடு சொன்னார்.

"முதலாளி, இந்த மாஸ்டர் சரியான ஆள் இல்ல. ஒங்கட கடையில குடிச்சா எனக்கு ஒண்டும் வைக்கிற இல்ல. இரும்புக் கடையில குடிச்சா பீரிசுக்கு அடியில அஞ்சு சதம் வச்சிட்டுப் போறார். பாத்திரக் கடையிலயும் வச்சார். ஒங்கட கடையில மட்டும் என்னோட அவருக்கு என்ன பகை?"

கோப்பைக்குக் கீழே வைக்கும் அந்தச் சின்னத் தட்டுக்கு அடியில், சதுரமான ஐந்து சதக் காசு ஒன்று. அது ஏதோ வெகுமதி என்று நானும் நினைத்துச் சிரித்தேன். இரும்புக் கடை அந்த மழைக்காலம் முடியுமுன் பூட்டப்பட்டது. பிறகு பாத்திரக் கடை. பிறகு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஒரு எண்ணெய் வியாபாரி. மூன்று இடத்திலும் முன்பே பீரிசுக்கு அடியில் காசு இருந்ததென்று நானா வீடு வீடாகப் போய்ச் சத்தியம் பண்ணினார்.

அதோடு வீதிக்குப் பைத்தியம் பிடித்தது. தேயிலை விலையும் றப்பர் விலையும் ஒன்றாக விழுந்து, தோட்டத்துக் காசு ஊருக்குள் வராமல் நின்ற நேரம். எவன் நிற்பான், எவன் விழுவான் என்று எவருக்கும் தெரியாது. பாங்குக்காரனுக்கும் தெரியாத அந்த விஷயம் ஒரு யாழ்ப்பாணத்து மனிதரின் பீரிசுக்கு அடியில் இருக்கிறது என்று ஊரே நம்பியது. உறுதியான கடைக்காரர்கள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக் கதிரையில் இருத்தினார்கள். அவர் குடித்துவிட்டுப் போனதும் நாலு பேருக்கு முன்னால் பீரிசைத் தூக்கிக் காட்டினார்கள். உறுதியில்லாதவர்கள் அவர் தலை தெரிந்தால் தொழுகைக்குப் போய்விட்டார்கள். நேரமில்லாத நேரத்தில் பள்ளிவாசல் நிரம்பியது. நானாவின் தேத்தண்ணீர் வியாபாரம் மட்டும் அமோகமாக நடந்தது.

மாஸ்டருக்கு இதில் ஒன்றும் தெரியாது. புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இருந்தார்.

குடைக்கடைக்காரர் விழுந்தபோதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. நல்ல மனிதர். கைமாற்று வாங்கினாலும் சொன்ன நாளில் தருவார். திங்கட்கிழமை அவருடைய பீரிசுக்கு அடியில் காசு இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கடன் கொடுத்த எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்றார்கள். அந்த வாரமே கதவு பூட்டியாயிற்று. நான் நேரே மாடிக்கு ஏறிப்போனேன்.

"மாஸ்டர், நீங்க எதுக்காகக் காசு வைக்கிறீங்க?"

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன காசு?"

"பீரிசுக்கு அடியில."

"ஓ, அதுவோ?" என்று கொஞ்சம் வெட்கப்பட்டார். "மூழ்கிற கடை எண்டு எனக்குத் தெரிஞ்சா நான் சும்மா குடிக்க ஏலாது. அது அவன்ரை தேத்தண்ணி இல்லை, கடன் குடுத்த ஆக்களின்ரை தேத்தண்ணி. விலை குடுத்திட்டா வாங்கினதாப் போயிடும். குடுத்ததா இராது. வேண்டாம் எண்டு சொன்னா அந்த மனுசன் மனம் நோவான். அதாலைதான் ஒருத்தரும் காணாமல் வைக்கிறனான்."

"ஒருத்தரும் காணாமலா? கண்டி முழுக்கக் கண்டாச்சு மாஸ்டர்! நீங்க காசு வச்சா அடுத்த நாள் ஊரே அந்தக் கடைக்கு முன்னுக்கு நிக்குது. குடைக்கடைக்காரன் மூழ்கினதால நீங்க காசு வச்சீங்களா, நீங்க காசு வச்சதால அவன் மூழ்கினானா?"

அவர் முகம் வெளுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒற்றனாக இருந்தால் இந்த இடத்தில் ஏதாவது பொய் சொல்லியிருப்பான்.

"முதலாளி, எத்தினை வருசமாச் சோதினைப் பேப்பர் திருத்துறன்" என்றார் கடைசியில். "இந்தக் கேள்வியை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை."

அன்றிலிருந்து அவர் எந்தக் கடைக்குள்ளும் கால் வைக்கவில்லை. எல்லாக் கடைக்காரர்களும் நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். இருந்தார்களா? வாசலைத் தாண்டி நடந்தாலும் சந்தேகப்பட்டார்கள். "உள்ளுக்கு வராம போறாரே, காசு வைக்க வேண்டி வரும் எண்டுதானே?" என்றார்கள். பாவம், அந்த மனிதர் வாவிப் பக்கம் நடப்பதையும் விட்டார்.

இனி என் மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். என் மனைவியின் வாப்பா. எங்கள் வீதியிலேயே பெரிய துணிக்கடை அவருடையது. பெருநாள் காலத்தில் கம்பளையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் ஆட்கள் அவர் கடைக்கு வண்டி கட்டி வருவார்கள். அவருடைய இளைய மகளுக்கு அக்குறணையில் ஒரு நல்ல இடம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையின் வாப்பா மிளகு வியாபாரி, மிகவும் கணக்கான மனிதர். கலியாணத்துக்குச் சில நாள் முன்பு மாமா என்னைக் கூப்பிட்டார்.

"மவன், ஒங்கட மாஸ்டர் வரோணும். சஹன்ல இருந்து சாப்பிடோணும்."

"அவர் இப்ப எங்கயும் போறதில்ல மாமா."

"வராட்டி முடிஞ்சுது. அக்குறணையார் ஏற்கெனவே யாரிட்டயோ விசாரிச்சிருக்கார், மாஸ்டர் எங்கட கடைப் பக்கம் வாறதில்லையே எண்டு. புறக்கோட்டைப் பெரியவரும் கொழும்பில இருந்து வாறார். பிள்ளைட கலியாணம் நிண்டா நான் எப்பிடி வெளிய தலை காட்டுவன்?"

"கடை எப்பிடி மாமா?" என்று கேட்டேன். அவர் மிகவும் அன்பாக என் தோளைத் தட்டி, "அல்லாஹ்ட காவல்ல நல்லா ஈக்கி" என்றார். மாமா என்னை ஒருநாளும் தட்டிக்கொடுத்தவர் இல்லை. ஏசித்தான் பழக்கம். பாத்திரக் கடைக்காரரின் 'வாங்கோ, இருங்கோ' எனக்கு ஞாபகம் வந்தது.

மாஸ்டரிடம் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, இரண்டையும் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உம்மடை மாமா போன கிழமை வாசல்லை என்னைக் கண்டு சிரிச்சவர்" என்றார். "அதுக்கு முந்தி ஒருநாளும் சிரிச்சதில்லை."

இருவருக்கும் தெரிந்துவிட்டது.

கலியாணத்துக்கு அவர் வந்தார். கறுப்புக் கோட்டு, ஊன்றிய குடை. நிக்காஹுக்கு முன்னால் சாப்பாடு. எங்கள் சஹன் பெரிய தட்டு. அதில் சோறும் இறைச்சியும் நடுவில் வைத்து ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். மாமா வேண்டுமென்றே ஆட்களைப் பொறுக்கி இருத்தினார். மாஸ்டர், அக்குறணைச் சம்பந்தி, புறக்கோட்டைப் பெரியவர், அவரோடு வந்த கொழும்பு அட்வகேட் ஒருவர், கம்பளை அரிசி வியாபாரி, நான். அந்த அட்வகேட்தான் மாஸ்டரின் கல்லூரியில் யாரை நிரந்தரமாக்குவது என்று முடிவு செய்யும் சபையிலும் இருந்தார். ஒரே தட்டில் என் மச்சினியின் கலியாணமும், மாமாவின் கடையும், மாஸ்டரின் வேலையும் இருந்தன. நான் ஒரு பிடி சோற்றை எவ்வளவு நேரம் மென்றேன் என்று எனக்கே தெரியாது.

மாஸ்டர் சாப்பிட்டார். ரசித்துச் சாப்பிட்டார். சம்பந்தி தள்ளிவிட்ட இறைச்சித் துண்டையும் எடுத்துக்கொண்டார். கடைசியில் வந்த தேத்தண்ணீரையும் குடித்தார். கை கழுவ எழுந்தபோது எல்லாக் கண்களும் அவர் கையிலேயே இருந்தன. கை கோட்டுப் பைக்குள் போனது. கலியாணத்துக்கும் தேத்தண்ணீர் ஊற்ற வந்திருந்த நானா கழுத்தை நீட்டினார். கைலேஞ்சியை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

நானா ஓடிவந்து பீரிசைத் தூக்கினார். சஹனைத் தூக்கினார். பாயையும் உதறினார். காசு இல்லை. சம்பந்தி எழுந்து மாமாவைக் கட்டிப்பிடித்தார். நிக்காஹ் நடந்தது. அடுத்த வாரம் புறக்கோட்டைப் பெரியவர் புதுச் சரக்கு இரண்டு லொறி அனுப்பினார்.

பெருநாள் வந்தது, போனது, துணி விற்கவில்லை. மாமாவின் கடை விழுந்தது.

ஊர் பேசிய பேச்சைக் கேட்கவா வேண்டும்? மாஸ்டரை மாமா விலைக்கு வாங்கிவிட்டார் என்றார்கள். நானும் அதையேதான் சந்தேகித்தேன். வேறு என்ன நினைப்பது? தெரிந்துகொண்டே ஒரு மனிதர் காசு வைக்காமல் எழுந்துபோகிறார் என்றால் எங்கள் தொழிலில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். மாமாவிடம் நேரே கேட்டேன். நோயாளியாகப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"குர்ஆன் மேல சத்தியம் மவன், ஒரு சதம் குடுக்கல்ல. குடுக்க எனக்கிட்ட என்ன ஈந்துச்சு?"

அதே நேரத்தில் கொழும்புக் கல்லூரியில் அந்த நிரந்தர இடம் கடைசியாகக் காலியாயிற்று. சபை அடுத்த வாரம் கூடுகிறது என்றும், ஏறக்குறைய மாஸ்டருக்குத்தான் என்றும் வகுப்புக்கு வரும் பாங்குக் கிளாக்கர்மார் சொன்னார்கள். கலியாண விஷயம் சபைக்கும் எட்டியிருந்தது. ஆனால் மாஸ்டருக்கே கடையின் நிலைமை தெரியவில்லை, மற்றவர்களைப் போல அவரும் ஏமாந்துவிட்டார் என்று அட்வகேட் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தாராம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

பழைய ராஜ மாளிகைக்குப் பக்கத்தில் இருந்த கோர்ட்டில் கடன் கொடுத்தவர்களின் கூட்டம் நடந்தது. கோர்ட்டு நியமித்த பொறுப்பாளர் மேசைக்குப் பின்னால் இருந்தார். எதிரே புறக்கோட்டைப் பெரியவர், அவர் பக்கத்தில் பேசுவதற்கு அதே அட்வகேட். ஒரு மூலையில் மாமாவும் நானும். பேச்சு ஏறக்குறைய முடிந்த நேரத்தில் வெளியே குடை தட்டும் சத்தம் கேட்டது. மாஸ்டர் உள்ளே வந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து மேசையில் வைத்தார். அதன் மேல் ஒரு சதுர ஐந்து சதத்தை வைத்தார்.

"இது என்ன?" என்றார் பொறுப்பாளர்.

"கலியாணச் சாப்பாட்டிலை என்ரை பங்கு. ஐஞ்சு சதம் தேத்தண்ணிக்கு. இது கடன் குடுத்த ஆக்களுக்குச் சேரவேணும்."

யாரோ சிரித்தார்கள். அட்வகேட் சிரிக்கவில்லை. அவருக்குச் சட்டம் தெரியும்.

"மாஸ்டர், அந்தச் சஹன்ல நானும்தான் சாப்பிட்டேன்" என்றார் அவர் மெதுவாக. "நாங்க யாரும் திருப்பித் தரத் தேவையில்ல. எங்களுக்குத் தெரியாதே. ஒங்களுக்கும் தெரியாது. காசை எடுங்க."

தப்பிப்போக அவரே ஒரு கதவைத் திறந்து பிடித்ததுபோல் இருந்தது. மாஸ்டர் அதன் வழியாக வெளியே போயிருக்கலாம். நான் மனதுக்குள் போ, போ என்று கத்தினேன்.

"உங்களுக்குத் தெரியாது. நீங்கள் தரத் தேவையில்லை" என்றார் மாஸ்டர். "எனக்குத் தெரியும்."

புறக்கோட்டைப் பெரியவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அண்டைக்கே தெரியுமா? ஒங்கள நம்பி ரெண்டு லொறிச் சரக்கு அனுப்பினேனே! ஏன் அண்டைக்கு வைக்கல்ல?"

"அண்டைக்கு நிக்காஹ் முடியேல்லை" என்றார் மாஸ்டர்.

மாமா தலையைக் குனிந்துகொண்டு அழுதார். பெரியவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அவருடைய சரக்கு போனது போனதுதான். மாஸ்டரும் அதை மறுக்கவில்லை. "உங்களுக்கு வந்த நட்டத்துக்கு நான் சொல்லக்கூடிய பதில் ஒண்டும் இல்லை, ஐயா" என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

வேலை வேறு யாருக்கோ போயிற்று. பகுதிநேர விரிவுரையும் நின்றது. கண்டி வகுப்புக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். வங்குரோத்துச் சட்டத்தில் அவ்வளவு பெரிய படிப்பாளி ஒரு கலியாணச் சாப்பாட்டினால் கெட்டுப்போனார் என்று ஊர் பேசியது. ரங்கூனில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்ததும் அறையைக் காலி செய்தார்.

மாமாவின் கடை விழுந்ததோடு என் கடையையும் எல்லாரும் ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா போனால் மருமகன் எத்தனை நாள் என்பது வீதியின் கணக்கு. எனக்கே தெரியவில்லை. அதனால் ஸ்டேஷனுக்கு அவரை வழியனுப்பப் போகும்போது நானாவைத் தேத்தண்ணீர்க் கெண்டியோடும் கோப்பை பீரிசோடும் கூட்டிக்கொண்டு போனேன்.

"மாஸ்டர், கடைசியா எங்கட கடைத் தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டுப் போங்க."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். எதற்குக் கொண்டுவந்தேன் என்று அவருக்கு விளங்காமல் இருக்குமா? வாங்கிக்கொண்டார். ஊதி ஊதி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். மேடையில் இருந்த வாங்குப் பலகையில் கோப்பையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"சீனி கொஞ்சம் குறைவு, முதலாளி" என்றார். ரயில் புறப்பட்டது.

வண்டி பேராதனைப் பக்கம் திரும்புமுன்னே நானும் நானாவும் ஒரே நேரத்தில் குனிந்தோம். பீரிசுக்கு அடியில் ஒன்றும் இல்லை. வாங்குக்குக் கீழேயும் இல்லை. நானா என் முதுகில் தட்டிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த மனிதரின் காசு பிந்தியும் வரும் என்பதை நான் என் கண்ணால் கண்டவன்.

அதன் பிறகு ரங்கூன் தபால் முத்திரையோடு என்ன வந்தாலும் கணக்குப் புத்தகத்தை ஒரு தரம் புரட்டிவிட்டுத்தான் பிரிப்பேன். கடை தட்டுத்தடுமாறி நின்றது. தேயிலை விலை மெல்ல ஏறியது. ஒரு நாள் தடித்த பார்சல் ஒன்று வந்தது. பிரித்தேன். அவருடைய புத்தகம். இங்கிலாந்தில் அச்சானது. அட்டையில் அவர் பெயர், அதற்குக் கீழே ரங்கூனில் அவர் வகிக்கும் பேராசிரியர் பதவி. கல்லூரிகளில் அதை வைத்துத்தான் இப்போது படிப்பிக்கிறார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு அதெல்லாம் ஓடவில்லை. இரண்டு அட்டையையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உதறினேன். மறுபடியும் உதறினேன். பார்சல் தாளைத் தடவிப் பார்த்தேன்.

மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "என்ன தேடுறீங்க?"

"காசு."

அவளுக்கு யாருடைய காசு என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. அவளுடைய வாப்பாவின் கடை விழுந்த பிறகு அந்தக் காசு கோர்ட்டு மேசையில் கிடந்ததை ஊரே பேசியது. அவளுடைய தங்கை அக்குறணையில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருப்பதும் அந்தக் காசு ஒரு நாள் வராமல் இருந்ததால்தான். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, தானும் ஒரு தரம் நன்றாக உதறினாள்.

ஒன்றும் விழவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.